மூன்று கட்டைக்கு மேலே

தெரியாத எண்ணிலிருந்து போன் வருகிறது. கூரியர் கொண்டு வந்த பையன். “சார், வீட்டு நம்பர் சொல்லுங்க சார்.” பார்சலின் மேல் எழுதியிருப்பது பெண் பெயர். போனை எடுத்தவரும் பெண். ஓராண்டாக ஹார்மோன் எடுத்துக்கொண்டு, வீட்டில் சண்டை போட்டு, அலுவலகத்தில் சொல்லி, கெஜட்டில் பெயர் மாற்றி, தன் உடம்பைத் தன் மனத்துக்கு அருகில் கொண்டுவந்திருப்பவர். அவர் சொன்னது “ஹலோ” என்ற ஒரே சொல். அந்த ஒரு சொல்லில் அத்தனையும் கலைந்துவிட்டது.

வங்கியிலிருந்து வரும் அழைப்பு இதைவிடச் சங்கடம். “மேடம்கிட்ட குடுங்க சார்” என்கிறது மறுமுனை. “நான்தாங்க பேசுறேன்” என்றால் நம்புவதில்லை. யாரோ ஒரு ஆண் அந்தப் பெண்ணின் கணக்கைத் திருடப் பார்க்கிறான் என்ற சந்தேகம் எழுகிறது. பிறந்த தேதி, அம்மாவின் பெயர், ஆதார் எண் எல்லாம் சரியாகச் சொல்லியும் குரல் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இந்தி பேசும் திருநங்கைக்கு இலக்கணம் கொஞ்சம் கைகொடுக்கும். ‘நான் போகிறேன்’ என்பதை அந்த மொழியில் ஆண் ஒரு விதமாகவும் பெண் இன்னொரு விதமாகவும் சொல்ல வேண்டும். குரல் எப்படி இருந்தாலும், பேசுபவர் தன்னைப் பெண்ணாகக் கருதுகிறார் என்பதை வினைச்சொல்லே அறிவித்துவிடும். தமிழில் தன்மைக்குப் பால் கிடையாது. வந்தான், வந்தாள் என்பதெல்லாம் படர்க்கையில்தான். ‘வந்தேன்’ எல்லோருக்கும் பொது. ஆகவே தமிழில் போனில் பேசுபவர் ஆணா பெண்ணா என்று சொல்லக் குரலைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆனால் கேட்பவராலோ பாலைத் தீர்மானிக்காமல் ஒரு வாக்கியம்கூட நகர முடியாது. அண்ணாவா அக்காவா, சாரா மேடமா, தம்பியா பாப்பாவா என்று உடனே முடிவு செய்தாக வேண்டும். மூன்று நொடிகூடக் கேட்காத ஒரு குரலை வைத்து எடுக்கும் முடிவு அது.

நேரில் பேசும்போதும் இதே கதைதான். 2021-இல் தமிழக அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கொண்டுவந்தது. பிறகு அது திருநங்கைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. சட்டப்படி அந்த டிக்கெட்டை வாங்க எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் இறங்குமிடத்தின் பெயரைச் சொல்ல வாயைத் திறந்ததும் முன்சீட்டில் இரண்டு தலைகள் திரும்பும். அதற்கு அஞ்சிக் கூட்டத்தில் பேசாமலே இருக்கப் பழகியவர்கள் உண்டு. விரலைக் காட்டி டிக்கெட் வாங்குவது, கடையில் பொருளைத் தொட்டுக் காட்டிப் பணத்தை நீட்டுவது, ஆட்டோ ஓட்டுநரிடம் போன் திரையில் முகவரியைக் காட்டுவது என்று நாள் கழிகிறது. மாற்றத்தின் முதல் இரண்டு வருடங்களை இப்படி ஊமையாகக் கழிப்பது என்ன வாழ்க்கை என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஹார்மோன் எடுத்தால் குரலும் மாறிவிடும் என்று நம்பித்தான் பலர் சிகிச்சையைத் தொடங்குகிறார்கள். அந்த நம்பிக்கை உடைவது பெரிய ஏமாற்றம். ஈஸ்ட்ரோஜன் தோலை மென்மையாக்கும், மார்பு வளரும், உடம்பில் கொழுப்பு சேரும் இடம் மாறும். குரலை மட்டும் அது தொடுவதில்லை.

காரணம் எளிது. பதின்ம வயதில் ஆணுடலில் டெஸ்டோஸ்டீரோன் பெருகும்போது குரல்வளையின் குருத்தெலும்பு வளர்ந்து முன்பக்கம் துருத்துகிறது. உள்ளே இருக்கும் குரல்நாண்கள் நீள்கின்றன, தடிக்கின்றன. மெல்லிய தந்தி இருந்த இடத்தில் கனத்த தந்தியைக் கட்டியது போல ஆகிறது. தமிழில் இதற்கு மகரக்கட்டு என்று அழகான பழைய பெயர் உண்டு. வளர்ந்த குருத்தெலும்பு திரும்பச் சுருங்காது. தந்தியைக் கனமாக்கிய ஹார்மோனை நிறுத்தினாலும் தந்தி கனமாகவே நிற்கும். திருநம்பிகளுக்கு நிலைமை நேர் எதிர். அவர்கள் டெஸ்டோஸ்டீரோன் எடுக்கத் தொடங்கினால் சில மாதங்களிலேயே குரல் தானாக இறங்க ஆரம்பிக்கும். மருந்து ஒரு திசையில் மட்டும் வேலை செய்கிறது. மறுதிசையில் போக வேண்டியவருக்கு உழைப்பு ஒன்றுதான் வழி.

மகரக்கட்டு உடைவதால் வாழ்க்கை மாறிப்போவது தமிழ் மேடைக்குப் புதிதல்ல. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்ட பையன்கள் எல்லோரும் இதற்கு அஞ்சியே வாழ்ந்தார்கள். நேற்றுவரை சீதையாகவும் வள்ளியாகவும் கைத்தட்டல் வாங்கிய பையன், ஒருநாள் காலை தொண்டை கரகரக்க எழுந்தான் என்றால் அந்த வேஷம் அவனை விட்டுப் போய்விடும். அந்தப் பையன்களுக்கு அது தொழிலின் கவலை. உள்ளுக்குள் தன்னைப் பெண்ணாக உணரும் ஒரு பிள்ளைக்கு அதே காலை எப்படி விடிந்திருக்கும்? தன் உடம்பே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லத் தொடங்கிய நாள் அது. பதின்மூன்று, பதினான்கு வயதில் பாடுவதை நிறுத்திவிட்டதாக, வகுப்பில் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டதாகச் சொல்லும் திருநங்கைகள் பலர்.

போன குரலைத் திரும்பப் பெற முடியுமா? அதே குரல் வராது. ஆனால் இருக்கும் குரல்வளையை வைத்துக்கொண்டே, கேட்பவர் சிரமமில்லாமல் பெண்குரல் என்று எடுத்துக்கொள்ளும் ஒரு குரலைப் பெரும்பாலோரால் கட்டி எழுப்ப முடியும். உலகெங்கும் பேச்சுப் பயிற்சியாளர்கள் பல்லாண்டுகளாகச் செய்துவரும் வேலை இது. திருநர் மருத்துவத்துக்கான உலக அமைப்பு 2022-இல் வெளியிட்ட எட்டாம் பதிப்பு வழிகாட்டு நெறிகளில் குரலுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது.

கணக்கு எப்படி என்று பார்க்கலாம். ஆண் சாதாரணமாகப் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 100 முதல் 130 முறை அதிர்கின்றன. பெண்ணுக்கு 180 முதல் 220 முறை. ஹெர்ட்ஸ் என்று சொன்னால் பாடப் புத்தக வாடை அடிக்கிறது. நமக்கு நம் வீட்டிலேயே ஒரு அளவுகோல் இருக்கிறது. கச்சேரிக்குப் போகிறவர்களும் பஜனை மடத்தில் பாடுகிறவர்களும் தினமும் சொல்லும் கட்டைதான் அது. ஹார்மோனியத்தில் ஒரு கட்டை என்பது ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். மூன்று கட்டை 165. ஐந்து கட்டை 196. ஐந்தரை 208. ஆண் பாடகர்கள் ஒரு கட்டையை ஒட்டியும் பெண் பாடகர்கள் ஐந்து, ஐந்தரையிலும் சுருதி வைத்துக்கொள்வது வழக்கம். பேச்சுக் குரலின் சராசரியும் கிட்டத்தட்ட அங்கேயேதான் வந்து நிற்கிறது. ஆண்பேச்சு ஒரு கட்டைக்குச் சற்றுக் கீழே, பெண்பேச்சு ஐந்து கட்டையைச் சுற்றி.

இரண்டுக்கும் நடுவே ஒரு வாசல் இருக்கிறது. சுமார் 165 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் கேட்பவரின் காது ஆண்குரல் என்ற முடிவை விட்டுவிட்டுப் பெண்குரல் என்ற பக்கம் சாயத் தொடங்குகிறது என்று குரல் ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கணக்கிடுகிறார்கள். அதாவது நம் மூன்று கட்டை. பயிற்சிக்கு வரும் பெண்ணிடம் இதைச் சொன்னால் பாதி பயம் போய்விடும். ஐந்தரைக் கட்டைக்கு எம்பிக் குதிக்க வேண்டியதில்லை. ஒரு கட்டையிலிருந்து மூன்றுக்குப் படிப்படியாக ஏறி, அங்கே வலியில்லாமல் நிற்கப் பழகினால் சுருதிக்கான வேலையில் பெரும்பகுதி முடிந்தது. சுருதிப்பெட்டிச் செயலி இன்று எல்லாப் போனிலும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இரண்டு கட்டை வைத்து ஒரு வாரம், இரண்டரையில் ஒரு வாரம், அப்புறம் மூன்று என்று சா பிடித்துப் பேசிப் பழகலாம். ஆங்கிலத்தில் கிடைக்கும் பயிற்சிக் காணொளிகள் பியானோவை வைத்துச் சொல்வதைத்தான் இது சொல்கிறது. ஆனால் மார்கழியில் தெருவெல்லாம் திருப்பாவை கேட்டு வளர்ந்த பிள்ளைக்குக் கட்டைக் கணக்கு உடனே பிடிபடும்.

கட்டையை ஏற்றிவிட்டால் மட்டும் போதுமென்றால் இந்தப் பயிற்சிக்கு ஒரு மாதம் போதும். உஷா உதுப்பை நினைத்துப் பாருங்கள். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1969-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் ஒரு இரவு விடுதியில் பட்டுப்புடவையோடு பாடத் தொடங்கியவர். அந்தக் கனத்த குரலைக் கேட்டு யாரும் அவரை ஆண் என்று நினைத்ததில்லை. ஹூப்ளியின் பாடகி கங்குபாய் ஹங்கலின் குரல் அதைவிட ஆழம். மறுபக்கம், சில ஆண்களுக்கு இயல்பிலேயே மேல்கட்டைக் குரல் இருக்கிறது. அவர்களைப் பெண் என்று யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. ஆக, காது வேறு எதையோ சேர்த்துக் கேட்கிறது.

அது குரலின் நாதம். குரல்நாண்களில் பிறக்கும் ஒலி தொண்டை, வாய் வழியாகக் கடந்து வருகிறது. ஆணுக்கு அந்தக் குழாய் சுமார் 17 செ.மீ., பெண்ணுக்குச் சுமார் 14 செ.மீ. குழாய் நீண்டால் நாதம் கருக்கும், குறுகினால் வெளிச்சம் கூடும். நாயனத்தில் திமிரியும் பாரியும் போல என்று வைத்துக்கொள்ளலாம். திமிரி குட்டையானது, கீச்சென்று ஒலிக்கும். ராஜரத்தினம் பிள்ளை பரவலாக்கிய பாரி நீளமானது, கம்பீரமானது. நாயனத்தில் நீளம் மாறினால் சுருதியே மாறிவிடும். மனிதத் தொண்டையில் சுருதி அப்படியே இருக்க, நாதத்தின் நிறம் மட்டும் மாறும். அந்த நிறத்தைத்தான் காது ஆண், பெண் என்று பிரிப்பதற்குப் பெரிதும் நம்புகிறது. பாரியை அறுத்துக் குட்டையாக்க முடியாது. ஆனால் தொண்டைக் குழாயைத் தற்காலிகமாகக் குறுக்கலாம். இதைப் படிப்பவர் யாரும் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். குரல்வளைமேல் இரண்டு விரலை லேசாக வைத்துக் கொட்டாவி விட்டால் அது கீழே இறங்கும். எச்சிலை விழுங்கினால் மேலே ஏறும். அதை நெரிக்காமல் சற்றே உயர்த்தி வைக்கவும், நாக்கின் மேடு முன்னால் வரவும், உதடுகள் ஒரு சிறு புன்னகை அளவுக்கு விரியவும் பழக்குவதுதான் பயிற்சியின் உயிர்.

அந்தப் பயிற்சி தொடங்கும் இடம் நம் பாட்டிகளுக்குத் தெரிந்த இடம். கதை சொல்லும்போது “உம் கொட்டு” என்பார்களே, அந்த உம். வாயை மூடி ‘ம்ம்’ என்று இழுத்தால் அதிர்வு எங்கே தெரிகிறது என்று பயிற்சியாளர் கேட்பார். முதலில் நெஞ்சில் தெரியும். அதை மெல்ல மேலே ஏற்றி உதட்டிலும் மூக்குத் தண்டிலும் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பிறகு அந்த ‘ம்’மின் வாலைப் பிடித்துக்கொண்டே ஒரு சொல். ம்ம்... மணி. ம்ம்... மீன். ம்ம்... மாமி. இகரமும் ஈகாரமும் நாக்கை முன்னால் தள்ளுவதால் ஆரம்பத்தில் அவை உள்ள சொற்கள் எளிது. உகரமும் ஓகாரமும் குழாயை நீட்டிவிடும், அவை பிறகு. இன்னொரு பயிற்சிக்கு வேண்டியது குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ராவும் அரை டம்ளர் தண்ணீரும்தான். தண்ணீரில் குமிழி விட்டுக்கொண்டே ஸ்ட்ரா வழியாக ஊ என்று சுருதி ஏற்றி இறக்கினால் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதிப் புண்ணாகாமல் பழகும்.

சொல்லிலிருந்து வாக்கியம், வாக்கியத்திலிருந்து பத்தி, பத்தியிலிருந்து உரையாடல். இந்த ஏணியின் ஒவ்வொரு படியிலும் பழைய குரல் காத்துக்கொண்டிருக்கும். வாசிக்கும்போது பிடிபட்ட குரல் பேசும்போது நழுவும். அமைதியாகப் பேசும்போது நின்ற குரல் கோபம் வந்தால் ஓடிவிடும். எல்லாவற்றையும் விடக் கடினம் இருமலும் தும்மலும் சிரிப்பும். அவை யோசித்து வருபவை அல்ல. விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வெளியே வந்த சத்தத்தைக் கேட்டு வாயைப் பொத்திக்கொள்ளும் பெண்ணுக்குச் சிரிப்பையும் தனியாகப் பழக்க வேண்டியிருக்கிறது. தெருவில் “ஆட்டோ!” என்று கத்துவதும் அப்படித்தான். சத்தம் கூட்டினால் குரல் நெஞ்சுக்கு இறங்கும் பழக்கம் பல்லாண்டுப் பழக்கம். மேல்கட்டையில் நின்றபடி கத்த வேண்டும்.

இங்கே பயிற்சி தருபவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பெண் என்றால் மெல்லப் பேசுவாள், தயங்கித் தயங்கி இழுப்பாள் என்ற பாடம் சில பழைய கையேடுகளில் உண்டு. அதை அப்படியே இறக்குமதி செய்யக் கூடாது. காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் பெண்ணும், கோயம்பேட்டில் பூ விற்கும் பெண்ணும் மார்க்கெட்டின் அந்தக் கோடிவரை கேட்கப் பேசுகிறார்கள். அவர்களைப் பெண்ணல்ல என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. ஒரு திருநங்கை வழக்கறிஞராக வேண்டுமென்றால், ஆசிரியராக வேண்டுமென்றால், குழைந்து பேசக் கற்றுக்கொடுப்பது அவருக்குக் கேடு. அவருக்கு வேண்டியது உரத்துப் பேசினாலும் தன்னுடையதாக இருக்கும் குரல்.

நாளைக்கு நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து பத்து நிமிடம். மாதக்கணக்கில் இதைச் செய்ய வேண்டும். சொல்வதற்குச் சுலபம். எங்கே உட்கார்ந்து செய்வது? மாற்றத்தைத் தொடங்கும் பலர் இன்னும் வீட்டில் சொல்லாதவர்கள். சொல்லிவிட்டு அடி வாங்கியவர்கள். ஒரே கூடம், அதில் ஐந்து பேர். மூடிய அறைக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் வந்தால் யார் அது என்று கதவு தட்டப்படும். மேன்ஷனில் தங்கியிருப்பவருக்கு அறைத்தோழர் இருப்பார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் பழகுபவர்கள் இருக்கிறார்கள். மொட்டை மாடி, இரவு நேரக் கடற்கரை, பைக் ஓட்டும்போது ஹெல்மெட்டுக்குள் என்று கிடைத்த இடமெல்லாம் பயிற்சிக்கூடம். வீட்டுக்குள் நுழையும்போது பழைய குரலை மாட்டிக்கொள்ள வேண்டும். ஒரே தொண்டையில் இரண்டு குரல்களை மாற்றி மாற்றிப் பிடிப்பதால் வரும் களைப்பு உடம்பின் களைப்பு மட்டுமல்ல.

யாரும் சொல்லித்தராமல் தானே முயல்பவர் பெரும்பாலும் விழும் குழி ஒன்று உண்டு. பாட்டு வாத்தியார்கள் கள்ளத் தொண்டை என்பார்கள். குரலை ஒரேயடியாக மேலே தூக்கி, காற்றாக, கார்ட்டூன் பொம்மை போலப் பேசுவது. கேட்பவரின் காது அதைப் பெண்குரல் என்று ஏற்பதில்லை, போலி என்று தள்ளிவிடுகிறது. நாள் முழுக்க அப்படி நெரித்துப் பேசினால் தொண்டைத் தசைகள் இறுகி, மாலையில் குரல் கம்மி, நாளடைவில் குரல்நாணில் கணுக்கள் விழும். இருந்த குரலும் போய்விடும். வலித்தால் நிறுத்து என்பது இந்தப் பயிற்சியின் முதல் விதி. அதைச் சொல்ல பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

அறுவை சிகிச்சையும் இருக்கிறது. ஜப்பானிய மருத்துவர் இஷிகி 1970-களில் வகுத்த முறையில் குரல்வளையின் இரண்டு குருத்தெலும்புகளை நெருக்கித் தைத்துக் குரல்நாண்களை இழுத்து முறுக்குவார்கள். பின்னால் ஜெர்மனியின் வெண்ட்லர் வகுத்த முறையில், குரல்நாண்களின் முன்பகுதியை ஒன்றாகத் தைத்து அதிரும் நீளத்தைக் குறைப்பார்கள். வீணையில் மெட்டின் மேல் விரலை அழுத்துவது போல. இவற்றால் கட்டை ஏறும். நாதத்தின் நிறம் மாறாது, ஏனென்றால் குழாய் அப்படியேதான் இருக்கிறது. குரலின் உரம் குறையலாம், கரகரப்பு வரலாம். அறுவைக்குப் பிறகும் பயிற்சி கட்டாயம் தேவை. கழுத்தில் துருத்தும் புடைப்பைச் செதுக்கும் அறுவை இவற்றிலிருந்து வேறு. அது தோற்றத்துக்கானது, குரலை உயர்த்தாது. தெரியாமல் பணம் கட்டிவிட்டு ஏமாறுபவர்கள் இருப்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இனி அரசுக்கான கேள்வி. பருவம் வந்த பிறகும் குரல் உடையாமல் கீச்சென்றே நிற்கும் ஆண்பிள்ளைகள் இருக்கிறார்கள். பள்ளியில் கேலி, கல்லூரியில் கேலி, கல்யாணத்துக்குத் தடை. அப்படி ஒரு பையனைப் பெற்றோர் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப்போனால் அங்கே யாரும் சிரிப்பதில்லை. குரல்வளையை விரலால் மெல்ல அழுத்தி, கனைக்கச் சொல்லி, உம் கொட்டச் சொல்லி, சில அமர்வுகளில் குரலை இறக்கிவிடுகிறார்கள். அது சிகிச்சை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. குரல் பொருந்தாமல் ஒரு பிள்ளை கூனிக்குறுகி நிற்பது மருத்துவத்தின் பொறுப்பு என்று நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறோம். அந்தப் பிள்ளை குரலை இறக்கக் கேட்டால் சிகிச்சை, ஏற்றக் கேட்டால் அலங்காரம் என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை.

காப்பீட்டிலும் முன்னுதாரணம் இருக்கிறது. காது கேளாத குழந்தைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்தும்போது, அறுவையோடு அரசு கையைக் கழுவிக்கொள்வதில்லை. பிறகான பேச்சுப் பயிற்சிக்கும் வழி செய்கிறது. கருவி மட்டும் பேச்சைத் தராது என்று அங்கே புரிந்திருக்கிறது. ஹார்மோன் மட்டும் குரலைத் தராது என்பது அதைப்போன்றதுதான்.

2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மருத்துவ வசதிகளைப் பட்டியலிட்டது. பாலின மாற்று அறுவை, ஹார்மோன், ஆலோசனை எல்லாம் அதில் உண்டு. காப்பீட்டைப் பற்றிப் பேசும் இடத்தில், லேசர் சிகிச்சைகூடப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டது. குரல் என்ற சொல் இல்லை. ஆனால் அதே பிரிவு, மருத்துவக் கையேட்டை உலக அமைப்பின் நெறிகளின்படி தயாரிக்கச் சொல்கிறது. அந்த நெறிகளில் குரலுக்கு அத்தியாயம் இருக்கிறது. அதோடு “வேறு உடல்நலப் பிரச்சினைகள்” என்ற வாசலும் திறந்தே இருக்கிறது. 2022-இல் அறிவிக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திருநர் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தருவதாகச் சொன்னது. பெரிய அறுவைகளுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு பேச்சுப் பயிற்சியாளரின் நேரம் எவ்வளவு சொற்பம்!

தமிழ்நாடு இதில் முந்திக்கொள்ள வேண்டிய மாநிலம். 2008-இல் இந்தியாவிலேயே முதலாகத் திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது இங்கேதான். திருநங்கை என்ற மதிப்பான சொல்லை அரசு ஏட்டில் ஏற்றியதும் இங்கேதான். அரசு மருத்துவமனையில் பாலின மாற்று அறுவையை இலவசமாகத் தந்ததும் இங்கே. 2011 கணக்கெடுப்பில் இந்த மாநிலத்தில் ‘இதர’ பாலினத்தில் பதிவானவர்கள் 22,364 பேர். வெளியே சொல்லாதவர்களைச் சேர்த்தாலும் ஒரு மாநில சுகாதாரத் துறைக்கு இது சமாளிக்க முடியாத எண்ணிக்கை அல்ல. பெரிய அரசு மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. குழந்தைகளுக்குப் பேச்சுப் பயிற்சி தரும் அறை இருக்கிறது. அந்த அறை மாலையில் பூட்டிக்கிடக்கும் நேரத்தில் வாரம் ஒரு முறை திறந்துவைத்தால் வீட்டில் குரலெடுக்க இடமில்லாத ஒரு பெண்ணுக்கு அது போதும். கட்டையில் கணக்கிட்ட, தமிழ்ச் சொற்களால் ஆன பயிற்சி ஏடு ஒன்றும் வேண்டும். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதில் பெரும்பகுதி ஆங்கிலம். ஆங்கில வாக்கியத்தில் பழகிய குரல், “தண்ணி லாரி வந்துருச்சா?” என்று கேட்கும்போது கூட வராது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தப் பயிற்சி வேண்டுபவருக்கு உரிமை, வேண்டாதவருக்குக் கட்டாயமல்ல. 2014-இல் நல்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பாலினத்தை அவரே முடிவு செய்யலாம், அதற்கு அறுவையை நிபந்தனையாக்கக் கூடாது என்றது. அறுவைக்குப் பொருந்துவது குரலுக்கும் பொருந்தும். கனத்த குரலோடு வாழும் திருநங்கை குறைந்த பெண்ணல்ல. திருநங்கைகளே அமைத்துக்கொண்ட ஜமாத்தில் வளர்ந்த மூத்தவர்கள் பலருக்கு அந்த உரத்த குரலும் கைதட்டலும்தான் கவசமாக இருந்திருக்கின்றன. இருட்டில் சூழ்ந்துகொண்ட கும்பலை விரட்டியது அந்தக் குரல். பசித்தபோது சோறு வாங்கித் தந்ததும் அது. அவர்களிடம் போய் மெல்லப் பேசு என்று சொல்ல யாருக்கும் தகுதியில்லை.

தமிழ்ச் சினிமா பல காலம் அந்தக் குரலை நையாண்டிக்கு மட்டுமே பயன்படுத்தியது. டப்பிங் அறையில் ஒரு ஆண் தன் குரலைக் கோணலாக்கிப் பேசினால் அதுதான் திருநங்கை என்று மூன்று தலைமுறைக்குக் காது பழகிப்போனது. 2008-இல் திருநங்கை ரோஸ் விஜய் டிவியில் நிகழ்ச்சி நடத்த வந்தபோதும், 2014 சுதந்திர தினத்தன்று கோவையின் லோட்டஸ் நியூஸில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசிக்கத் தொடங்கியபோதும் அந்தக் காதுகளுக்கு வேறொன்று கேட்டது. கேலி இல்லாத, தன் வேலையைச் செய்யும் ஒரு பெண்ணின் குரல் தினமும் வீட்டுக் கூடத்துக்குள் வந்தது. பேசுபவர் குரலைப் பழக்க வேண்டும் என்பது பாதி. கேட்பவர் காதைப் பழக்க வேண்டும் என்பது மறுபாதி. இரண்டாவதற்குக் காத்திருக்க முடியாத, நாளைக்கே வேலைக்கு நேர்காணல் போக வேண்டிய பெண்ணுக்கு முதலாவது உடனே தேவைப்படுகிறது.

பயிற்சியின் கடைசிப் படிகளில் ஒரு வீட்டுப்பாடம் தருவது வழக்கம். முன்பின் தெரியாத ஒரு கடைக்குப் போன் செய்ய வேண்டும். கேள்வி சின்னதாக இருக்க வேண்டும், பதில் ஒரு வரியில் வர வேண்டும். எண்ணை அழுத்தும்போது கை வியர்க்கும். மனதுக்குள் ஒருமுறை உம் கொட்டி, மூன்று கட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கடை எத்தனை மணிவரைக்கும் இருக்கும் என்று கேட்க வேண்டும். மறுமுனையில் யாரோ ஒருவர், பொட்டலம் கட்டியபடியே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பதில் சொல்வார்.

“ஒம்பது மணி வரைக்கும் இருப்போம்க்கா.”